கைதி எண் 30664
சிறுகதை மன்னர் ஓ ஹென்றியின் கதை

1901-ம் ஆண்டு ஜூலை 24-ந் தேதி.

அமெரிக்காவில் ஒஹையோ மாநிலத்தின் தலைநகரம் கொலம்பஸ். அங்குள்ள பெரிய சிறைச்சாலையின் கதவு திறந்தது. ஒரு மனிதர் வெளியே வந்தார். வயது 38. மூன்று ஆண்டுகளுக்கு மேல் அவர் அந்தச் சிறையில் இருந்தார். அங்கே அவருக்கு ஓர் எண் உண்டு. 30664.

அவர் செய்த குற்றம் என்ன? பாங்கிப் பணத்தைக் கையாடிவிட்டார் என்பது வழக்கு.

சிறைக்குள் போனபோது அவர் பெயர் வில்லியம் சிட்னி போர்ட்டர். வெளியே வந்தபோது இன்னொரு பெயரும் அவரோடு வந்தது. அந்தப் பெயரை அப்போது யாருக்கும் அதிகமாகத் தெரியாது. ஐந்தே ஆண்டுகளில் அமெரிக்கா முழுவதும் அதைச் சொல்லிற்று. பிறகு உலகமே சொல்லிற்று.

ஓ ஹென்றி!

சிறுகதை மன்னர் என்று புகழ் பெற்றவர் அவர்தான். அவர் எழுதிய கதைகளில் கடைசி வரியில் ஒரு திருப்பம் வரும். படிப்பவர்கள் திடுக்கிடுவார்கள். அவருடைய சொந்த வாழ்க்கையில் வந்த திருப்பங்களோ, கதைகளில் வந்ததைவிட அதிகம்!

தாயில்லாப் பிள்ளை

1862-ம் ஆண்டு செப்டம்பர் 11-ந் தேதி, வடக்கு கரோலினா மாநிலத்தில் கிரீன்ஸ்பரோ என்ற ஊரில் போர்ட்டர் பிறந்தார். தந்தை ஒரு டாக்டர்.

குழந்தைக்கு மூன்று வயது ஆனபோது தாய் காசநோயால் இறந்துபோனாள். அத்தைதான் எடுத்து வளர்த்தாள். அவள் ஒரு சிறு பள்ளிக்கூடம் நடத்தி வந்தாள். எழுத்தும் சொல்லிக் கொடுத்தாள், கதை படிக்கும் ஆசையையும் ஊட்டினாள். 15 வயதோடு படிப்பு முடிந்தது. கல்லூரிப் படியை அவர் மிதிக்கவே இல்லை.

சித்தப்பாவின் மருந்துக் கடையில் பையனுக்கு வேலை. மருந்து கலக்கக் கற்றுக்கொண்டார். 19-வது வயதில் அதற்குரிய லைசென்சும் பெற்றார். கடைக்கு வருகிறவர்களைப் படமாக வரைவது அவருக்குப் பொழுதுபோக்கு. யார் எப்படிப் பேசுகிறார்கள், எப்படி நடக்கிறார்கள் என்று உற்றுப் பார்த்துக்கொண்டே இருப்பார்.

இந்த இரண்டு வித்தைகளும் பிற்காலத்தில் அவருக்குக் கை கொடுத்தன. மனிதர்களை உற்றுப் பார்த்தது அவரை எழுத்தாளர் ஆக்கிற்று. மருந்து கலக்கத் தெரிந்தது சிறையில் அவரைக் காப்பாற்றிற்று.

வாலிப வயதில் விடாத இருமல். தாயைக் கொண்டுபோன நோய் மகனையும் பிடித்துவிடுமோ என்று பயம் வந்தது. 1882-ல் தெற்கே டெக்சாஸ் மாநிலத்துக்குப் போனார். அங்கே ஓர் ஆட்டுப் பண்ணையில் தங்கினார். வெயிலும் காற்றும் உடம்பைத் தேற்றின. பிறகு ஆஸ்டின் நகரத்துக்கு வந்து சேர்ந்தார்.

காதலும் கல்யாணமும்

ஆஸ்டினில் ஆதோல் எஸ்டெஸ் என்ற பெண்ணைச் சந்தித்தார். அவளுக்கும் காசநோய். அதனால் பெண் வீட்டார் இந்தக் கல்யாணத்தை விரும்பவில்லை. காதலர்கள் காத்திருக்கவில்லை. 1887-ல் பெற்றோரிடம் சொல்லாமலே மணம் செய்துகொண்டார்கள்.

அரசாங்க நில அலுவலகத்தில் வரைபடம் வரையும் வேலை. மாதம் 100 டாலர் சம்பளம். அது அவருடைய வாழ்க்கையில் நல்ல காலம். ஆனால் முதலில் பிறந்த ஆண் குழந்தை பிறந்த உடனே இறந்துவிட்டது. 1889-ல் ஒரு பெண் குழந்தை பிறந்தது. அவள் பெயர் மார்கரெட்.

அந்த வேலை நீடிக்கவில்லை. 1891-ல் ஆஸ்டினில் ஒரு பாங்கியில் காசாளராகச் சேர்ந்தார். பணம் வாங்குவது, பணம் கொடுப்பது, கணக்கு எழுதுவது அவர் பொறுப்பு.

விதி அங்கேதான் காத்திருந்தது.

குறைந்த பணம்

அந்த பாங்கியில் கணக்கு முறை கட்டுப்பாடாக இல்லை. எல்லாம் பழகிய மனிதர்கள், பழகிய வழக்கம் என்று நடந்து வந்தது. போர்ட்டருக்கோ மனம் கணக்கில் இல்லை. 'ரோலிங் ஸ்டோன்' என்ற நகைச்சுவை வாரப் பத்திரிகையைச் சொந்தமாக நடத்திக்கொண்டிருந்தார். கதை எழுதுவார், படம் போடுவார், எல்லாம் அவரே. பத்திரிகைக்குப் பெயர் கிடைத்தது. வருமானம் கிடைக்கவில்லை.

1894-ல் அரசாங்கத் தணிக்கை அதிகாரி வந்து கணக்கைப் பார்த்தார். பணம் குறைந்தது! போர்ட்டர் வேலையை இழந்தார். அடுத்த ஆண்டு பத்திரிகையும் நின்றது.

பிறகு ஹூஸ்டன் நகரத்தில் ஒரு தினசரியில் எழுதிப் பிழைத்தார். வழக்கு அங்கும் துரத்தி வந்தது. 1896-ல் அவர் கைது செய்யப்பட்டார். மாமனார் ஜாமீன் கொடுத்து மீட்டார்.

உண்மையிலேயே அவர் பணத்தை எடுத்தாரா? அல்லது பிறர் செய்த தவறைச் சுமந்தாரா? அவருடைய வாழ்க்கையை ஆராய்ந்தவர்கள் இன்றும் இரண்டு கட்சியாக நிற்கிறார்கள். அவர் அதைப் பற்றி வெளிப்படையாக வாய் திறக்கவே இல்லை.

ஆனால் அடுத்து அவர் செய்த காரியம் அவருக்கே எதிராக முடிந்தது.

1896 ஜூலை மாதம், விசாரணைக்கு முதல் நாள். ஆஸ்டினுக்குப் போக வேண்டியவர் வழியில் வேறு ரயிலில் ஏறிவிட்டார். நியூ ஆர்லியன்ஸ் போய், அங்கிருந்து கடல் கடந்து ஹோண்டுராஸ் நாட்டுக்குத் தப்பினார். குற்றவாளிகளைத் திருப்பி அனுப்பும் ஒப்பந்தம் அப்போது அந்த நாட்டோடு அமெரிக்காவுக்கு இல்லை. இனிமேல் யாரும் அவரைப் பிடிக்க முடியாது.

திரும்பி வந்தார்!

ஹோண்டுராசில் மாதங்கள் கழிந்தன. மனைவியும் மகளும் வந்து சேருவார்கள் என்று எண்ணியிருந்தார். அவர்கள் வரவில்லை. செய்திதான் வந்தது.

ஆதோல் படுத்த படுக்கையாகிவிட்டாள். இனிப் பிழைக்கமாட்டாள்.

ஊருக்குத் திரும்பினால் போலீஸ், கோர்ட்டு, சிறை. திரும்பாவிட்டால் மனைவியின் முகத்தை இனிப் பார்க்க முடியாது. என்ன செய்வது?

அவர் திரும்பினார். 1897-ம் ஆண்டுத் தொடக்கத்தில் ஆஸ்டினுக்கு வந்து கோர்ட்டில் ஆஜரானார். மறுபடியும் மாமனார்தான் ஜாமீன் கொடுத்தார். வழக்கு ஒத்தி வைக்கப்பட்டது. கடைசி மாதங்களில் மனைவியின் பக்கத்திலேயே இருந்தார். அந்த ஜூலையில் ஆதோல் கண்ணை மூடினாள்.

1898 பிப்ரவரியில் விசாரணை நடந்தது. தமக்காக அவர் வாதாடவே இல்லை என்று சொல்லலாம். குற்றவாளி என்று தீர்ப்பு வந்தது. ஐந்து ஆண்டு சிறை.

ஒன்பது வயதுகூட நிரம்பாத மார்கரெட்டை அவளுடைய தாத்தாவும் பாட்டியும் வளர்த்தார்கள். அப்பா எங்கே என்று குழந்தை கேட்டாள்.

வியாபார விஷயமாக வெளியூர் போயிருக்கிறார் என்றார்கள்.

சிறையில் பிறந்த பெயர்

மருந்து கலக்கத் தெரிந்த கைதி என்பதால், சிறை ஆஸ்பத்திரியில் இரவு நேர மருந்தாளராக அவரை வைத்தார்கள். ஆஸ்பத்திரிப் பகுதியிலேயே படுக்கையும் கிடைத்தது. நோயாளிகளையும் சாகிறவர்களையும் அவர் இரவு தோறும் பார்த்தார். திருடர்கள், பெட்டி உடைப்பவர்கள், ரயில் கொள்ளைக்காரர்கள் எல்லோரும் மருந்து வாங்க வந்தார்கள். வந்தவர்கள் தங்கள் கதையைச் சொன்னார்கள். அவர் கேட்டுக்கொண்டார்.

வெளியே ஒரு குழந்தை இருக்கிறாள். அவளுக்குப் பணம் அனுப்ப வேண்டும். கையில் இருப்பது பேனா ஒன்றுதான்.

இரவில் வேலை ஓய்ந்த நேரத்தில் எழுதினார். எழுதியதை நியூ ஆர்லியன்சில் இருந்த ஒரு நண்பருக்கு அனுப்புவார். நண்பர் அதைப் பத்திரிகைகளுக்கு அனுப்புவார். எழுதியவர் கைதி என்று பத்திரிகை ஆசிரியர்களுக்குத் தெரியாது. பல புனைபெயர்களை வைத்துப் பார்த்தார். அவற்றில் ஒன்று ஓ ஹென்றி. 1899 டிசம்பரில் 'மெக்ளூர்ஸ்' என்ற பிரபல மாதப் பத்திரிகையில் அந்தப் பெயரில் ஒரு கிறிஸ்துமஸ் கதை வெளிவந்தது. சிறையில் இருந்த காலத்தில் 14 கதைகள் இப்படி அச்சாயின.

மகளுக்கும் கடிதம் எழுதினார். விளையாட்டும் வேடிக்கையுமாக எழுதினார். எங்கிருந்து எழுதுகிறேன் என்பதை மட்டும் எழுதவில்லை.

நன்னடத்தைக்காகத் தண்டனை குறைக்கப்பட்டது. மூன்று ஆண்டும் சில மாதங்களும் கழிந்ததும் விடுதலை. நேராகப் பிட்ஸ்பர்க் நகரத்துக்குப் போனார். மார்கரெட் அங்கேதான் தாத்தா பாட்டியோடு இருந்தாள். அப்போது அவளுக்கு 11 வயது.

அப்பா வியாபாரம் முடிந்து வந்துவிட்டார் என்று அவள் எண்ணினாள். அவரும் உண்மையைச் சொல்லவில்லை.

நாற்பது லட்சம் பேர்

1902-ல் ஓ ஹென்றி நியூயார்க் போனார். அடுத்த எட்டு ஆண்டுகளில் 300-க்கும் மேற்பட்ட கதைகள் எழுதினார். 'நியூயார்க் வேர்ல்டு' பத்திரிகையின் ஞாயிறு பதிப்புக்கு வாரம் ஒரு கதை என்று ஓர் ஆண்டுக்கு மேல் கொடுத்து வந்தார்.

யாரைப் பற்றி எழுதினார்? ராஜாக்களையா, கோடீசுவரர்களையா? இல்லை.

நியூயார்க்கில் கவனிக்கத் தகுந்த மனிதர்கள் 400 பேர்தான் என்று வார்டு மெக்காலிஸ்டர் என்ற பிரமுகர் சொல்லி வைத்திருந்தார். பணக்காரக் குடும்பங்களைத்தான் அவர் எண்ணினார். அப்போது நகரத்தின் ஜனத்தொகை சுமார் நாற்பது லட்சம். அத்தனை பேரும் கவனிக்கத் தகுந்தவர்களே என்றார் ஓ ஹென்றி. 1906-ல் வந்த தம் கதைத் தொகுதிக்கு 'நாற்பது லட்சம்' என்றே பெயர் வைத்தார்.

கடையில் சாமான் விற்கும் பெண், ஓட்டலில் பரிமாறும் பெண், வாடகை அறையில் தனியாக இருக்கும் வாலிபன், பூங்கா பெஞ்சில் படுக்கும் பிச்சைக்காரன். இவர்கள்தான் அவருடைய கதாநாயகர்கள்.

ஒரு டாலர் 87 சென்ட்

அவர் எழுதிய கதைகளில் மிகப் புகழ் பெற்றது 'ஞானிகளின் பரிசு'. 1905 டிசம்பரில் வெளிவந்தது. குழந்தை இயேசுவைக் காணக் கீழ்த்திசையிலிருந்து பரிசுகளோடு வந்த ஞானிகளை நினைத்து வைத்த பெயர் அது.

டெல்லா, ஜிம் என்று ஓர் இளம் தம்பதி. ஜிம்முக்கு வாரம் 20 டாலர் சம்பளம். வீட்டு வாடகைக்கே 8 டாலர் போய்விடும். மறுநாள் கிறிஸ்துமஸ். கணவனுக்குப் பரிசு வாங்க வேண்டும். அரிசி பருப்பில் மிச்சம் பிடிப்பதுபோல் அவள் காசு காசாகச் சேர்த்திருந்தது ஒரு டாலர் 87 சென்ட்.

அந்த வீட்டில் இரண்டே செல்வங்கள். ஒன்று டெல்லாவின் நீண்ட கூந்தல். மற்றொன்று ஜிம்மின் தங்கக் கடிகாரம். அது அவனுடைய தாத்தா காலத்துச் சொத்து.

டெல்லா கூந்தலை வெட்டி விற்றாள். 20 டாலர் கிடைத்தது. கடிகாரத்துக்கு அழகான பிளாட்டினச் சங்கிலி வாங்கினாள். மாலையில் ஜிம் வந்தான். அவள் தலையைப் பார்த்துத் திகைத்து நின்றான். அவனும் அவளுக்குப் பரிசு வாங்கி வந்திருந்தான். அவள் வெகுநாளாக ஆசைப்பட்ட விலை உயர்ந்த சீப்புகள். வார முடியுமா? கூந்தல் இல்லை! சரி, சங்கிலியைக் கடிகாரத்தில் கோக்கலாமே? அவன் கடிகாரத்தை விற்றுத்தான் சீப்பு வாங்கினான்!

இரண்டு பரிசும் வீண். ஆனால் அவர்கள் ஏமாந்தவர்களா? ஒருவருக்காக ஒருவர் கொடுக்கக்கூடியதில் சிறந்ததைக் கொடுத்துவிட்டார்கள். அவர்களே ஞானிகள் என்று கதையை முடித்தார் ஓ ஹென்றி.

பிச்சைக்காரனும் பெட்டி உடைப்பவனும்

சிறையைப் பற்றி அவர் வாய் திறக்கவில்லை என்றோம். கதைகளில் அது எட்டிப் பார்க்காமல் இல்லை.

சோப்பி என்று ஒரு வீடற்றவன். குளிர்காலம் வருகிறது. மூன்று மாதம் சிறையில் இருந்தால் சாப்பாடும் படுக்கையும் கிடைக்கும். அதற்காகக் கடைக் கண்ணாடியை உடைக்கிறான், காசில்லாமல் சாப்பிடுகிறான், குடை திருடுகிறான். போலீஸ்காரர் ஒருவரும் பிடிக்கமாட்டேன் என்கிறார்கள்! கடைசியில் ஒரு மாதாகோவிலிலிருந்து சங்கீதம் கேட்கிறது. மனம் உருகுகிறது. நாளை முதல் உழைத்துப் பிழைப்பேன் என்று உறுதி செய்கிறான். அந்த நேரத்தில் ஒரு போலீஸ்காரர் கையைத் தொடுகிறார். சும்மா நின்றதற்காக மூன்று மாதம் சிறை! சிரித்துக்கொண்டே படிப்போம். முடிந்ததும் நெஞ்சு கனக்கும்.

இன்னொரு கதையில் ஜிம்மி வாலண்டைன் என்று இரும்புப் பெட்டி உடைப்பதில் கைதேர்ந்தவன். சிறையிலிருந்து வந்தவன் ஒரு பெண்ணைக் கண்டு திருந்துகிறான். பெயரை மாற்றிக்கொண்டு செருப்புக் கடை வைத்து நேர்மையாக வாழ்கிறான். அவளுடைய தகப்பனார் பாங்கி முதலாளி. கல்யாணம் நெருங்கும் வேளையில் ஒரு துப்பறிகிறவர் அவனைத் தேடி வந்துவிடுகிறார். அன்று பாங்கியின் புதிய இரும்பறைக்குள் ஒரு சிறுமி தவறி அகப்பட்டுக்கொள்கிறாள். கதவைத் திறக்க வழியில்லை. உள்ளே காற்றும் இல்லை. திறக்கத் தெரிந்தவன் ஒருவன்தான். திறந்தால் யாரென்று தெரிந்துவிடும், வாழ்வே போய்விடும்.

அவன் திறந்தான். குழந்தை பிழைத்தாள். பிறகு தானாகவே துப்பறிகிறவரிடம் போய் நின்றான். அவரோ அவனை இன்னாரென்றே தெரியாதவர்போல் திரும்பி நடந்துவிட்டார்!

அந்தச் சிறையில் பார்த்த ஒரு கைதியை வைத்தே இந்தக் கதை பிறந்தது என்று, உடன் சிறையிருந்த அல் ஜென்னிங்ஸ் பிற்காலத்தில் எழுதினார். இருக்கலாம். பெயரை மாற்றிக்கொண்டு, புதிய ஊரில் புதிய வாழ்வு தொடங்கி, பழைய கதை எந்த நிமிஷம் வெளிவருமோ என்று அஞ்சியபடி வாழ்ந்த இன்னொருவரும் உண்டு. அவரே ஓ ஹென்றி!

1910-ல் இந்தக் கதை நாடகமாகி நியூயார்க்கில் பிரமாதமாக ஓடிற்று. நாடக ஆசிரியர் பெரும் பணம் சேர்த்தார். கதை எழுதியவருக்குக் கிடைத்ததோ சொற்பம்.

கடைசி நாட்கள்

புகழ் வந்தது. பணமும் வந்தது. தங்கவில்லை. கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்தார். எழுதாத கதைக்கும் முன்பணம் வாங்கினார். அளவுக்கு மீறிக் குடித்தார். 1907-ல் சிறு வயதுத் தோழியான சாரா கோல்மனை மணந்தார். இரண்டு ஆண்டில் அவளும் பிரிந்துவிட்டாள். குடி அவருடைய ஈரலைத் தின்றது.

1910 ஜூன் 5-ந் தேதி நியூயார்க்கில் ஓர் ஆஸ்பத்திரியில் உயிர் பிரிந்தது. வயது 47.

சிறை வாழ்க்கை அதுவரை வாசகர்களுக்குத் தெரியாது. 1916-ல் பேராசிரியர் அல்போன்சோ ஸ்மித் எழுதிய வாழ்க்கை வரலாறு வந்தபோதுதான் நாட்டுக்கு அது தெரிந்தது. மக்கள் வெறுத்தார்களா? இல்லை. முன்னைவிட அதிகமாகப் படித்தார்கள்!

இன்று

எல்லாக் கதைக்கும் திருப்பமா, அது வெறும் வித்தைதானே என்று விமர்சகர்கள் குறை சொன்னதும் உண்டு. வாரா வாரம் எழுதித் தள்ளியதில் மட்டமான கதைகளும் இருக்கின்றன. அதை மறுப்பதற்கில்லை. ஆனால் நல்ல கதைகளில் திருப்பம் வெறும் வேடிக்கை அல்ல. ஒரு மனிதனுக்குள் இருந்த நல்ல குணம் அங்கேதான் வெளியே வருகிறது.

1919 முதல் அமெரிக்காவில் அவர் பெயரால் சிறந்த சிறுகதைகளுக்குப் பரிசு தருகிறார்கள். பின்னாளில் நோபல் பரிசு பெற்ற வில்லியம் பாக்னரும் அதைப் பெற்றவர். 1962-ல் ஓ ஹென்றியின் நூற்றாண்டுக்கு சோவியத் ரஷ்யா தபால்தலை வெளியிட்டது. ஒரு காலத்தில் அவரைக் கைதி ஆக்கிய அமெரிக்க அரசாங்கமும் 2012-ல் தபால்தலை வெளியிட்டது. அவருடைய 'ஞானிகளின் பரிசு' கதையைத் தழுவி 2004-ல் 'ரெயின்கோட்' என்ற இந்திப் படமும், 'கடைசி இலை' கதையைத் தழுவி 2013-ல் 'லுட்டேரா' என்ற இந்திப் படமும் வந்தன.

வடக்கு கரோலினாவில் ஆஷ்வில் என்ற மலை நகரம் இருக்கிறது. அங்கே ஓ ஹென்றியின் கல்லறை உள்ளது. அதன் அருகே மார்கரெட்டின் கல்லறை. அவளும் 1927-ல் காசநோயால் இறந்தாள். கல்லறைக் கல்லில் 'வில்லியம் சிட்னி போர்ட்டர்' என்ற சொந்தப் பெயர்தான் பொறித்திருக்கிறது.

பார்க்க வருகிறவர்கள் அந்தக் கல்லின்மேல் சில்லறை வைத்துவிட்டுப் போகிறார்கள். பல ஆண்டுகளாக இது நடந்து வருகிறது. எவ்வளவு தெரியுமா? ஒரு டாலர் 87 சென்ட்! டெல்லா சேர்த்து வைத்த அதே தொகை. அந்தக் காசு அப்பகுதியில் உள்ள நூல் நிலையங்களுக்குப் போகிறது.

பாங்கியில் பணம் குறைந்தது என்று சிறைக்குப் போனவர் அவர். அவர் எழுதிய கதையைப் படித்த முன்பின் தெரியாத மனிதர்கள் வருகிறார்கள். யாரும் கேட்காமலே காசு வைக்கிறார்கள். அந்தக் காசில் எங்கோ ஒரு குழந்தைக்குப் படிக்கப் புத்தகம் கிடைக்கிறது.